மருதமுத்து போட்ட ஜாயின்ட்

நெய்வேலியில் எது நின்றுபோனாலும் பழி முதலில் கேபிள்மேல்தான் விழும். எந்நேரமும் எங்காவது தோண்டிக்கொண்டே இருக்கிற ஊர். போன் வரவில்லையா, கேபிள். டிவி தெரியவில்லையா, கேபிள். சுரங்கத்துக்கு கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் ஸ்டோரில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்த்துவந்த தேவயானிக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

நல்ல வேலைக்காரிதான். மந்தாரக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். பெல்ட்டைத் தாங்கிச் சுழலும் எந்த உருளை எந்த அலமாரியில் இருக்கிறது என்பது முழுக்க அவள் பார்த்துக்கொண்ட அந்த ஒற்றை சர்வரில்தான் இருந்தது. அதைப் பச்சைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்டாள். ஒரே ஒரு குறை, அவளுக்குப் பொறுமை போதாது.

ஸ்டோர் மேனேஜர் பன்னீர்செல்வத்துக்கு வேதம் என்றால் பர்மிட்தான். மோட்டாரைத் தொடுவதானாலும் சரி, சுவிட்சைக் கழற்றுவதானாலும் சரி, மூன்று பேர் கையெழுத்துப் போட்ட பர்மிட் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. சர்வருக்கும் அதே சட்டம் என்று சுவரில் ஒட்டியிருந்தார். சாஃப்ட்வேரைத் தொட்டால் யாருக்கு ஷாக் அடிக்கப் போகிறது என்று தேவயானி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பர்மிட் எழுதாமலே சர்வரில் கேபிளைச் செருகுகிற நெட்வொர்க் கார்டுக்குப் புது டிரைவர் ஏற்றினாள். டிரைவர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, கார்டு பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற சின்ன மென்பொருள். அது ஏறி முடிந்து மெஷின் அணைந்து எழும்வரை நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை. சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை, வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை, சாமான் கொடுக்கிற ஸ்டோர் ஜன்னலில் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலும் வரவில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கேபிள் செருகும் இடத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்குதான் எரியவில்லை.

"கேபிள்தான் சார்" என்றாள் தேவயானி. அந்த நிமிஷம் அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். அந்தச் சனிக்கிழமை காலையில்தான் ஸ்டோருக்குப் பின்னால் பள்ளம் தோண்டினவர்கள் கேபிளை வெட்டிவிட்டிருந்தார்கள். அவள் போன பிறகு சாயங்காலம் மருதமுத்து வந்து ஜாயின்ட் போட்டுவிட்டுப் போயிருந்தார். வடலூர்க்காரர், இருபத்திரண்டு வருஷம் கேபிள் ஒட்டின கை. கான்ட்ராக்ட் ஆள்.

செவ்வாய்க்கிழமை உருளை கிடைக்காமல் ஒரு பெல்ட் முழு ஷிஃப்ட் நின்றது. மேலேயிருந்து பன்னீர்செல்வத்துக்கு போன்மேல் போன். யாராவது ஒருத்தரைக் கைகாட்டியாக வேண்டும். சாயங்காலத்துக்குள் மருதமுத்துவின் கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். சனிக்கிழமை குடித்துவிட்டு வந்து ஒட்டியிருப்பான் என்று யாரோ கிளப்பிவிட, அதுவே பேச்சாகிவிட்டது.

புதன்கிழமைதான் அவளுக்கு உறைத்தது. கேபிளை சர்வரிலிருந்து உருவித் தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். ஸ்டோர் ஜன்னல் கம்ப்யூட்டர் பட்டென்று அதில் வந்து நின்றது. மருதமுத்து போட்ட ஜாயின்ட் வழியாகத்தான் வந்தது, ஒரு குறையும் இல்லை. சர்வர் திரையில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி. புது டிரைவரை நீக்கிப் பழையதற்குத் திரும்பி, கேபிளை மறுபடி செருகினாள். நாலே நிமிஷம், பச்சை விளக்கு எரிந்தது.

பன்னீர்செல்வம் ஓடிவந்தார். "என்னம்மா, வந்துடுச்சா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் பர்மிட் இல்லாமல் தொட்டது தெரிந்தால் அவள் பாஸும் போகும். அந்த வருஷம் பர்மனென்ட் பட்டியலில் அவள் பெயர் வேறு இருந்தது.

"வந்துடுச்சு சார். கேபிள் முனை லூசா இருந்துச்சு, புதுசா போட்டேன்."

திங்கட்கிழமை சொன்னது தவறு. புதன்கிழமை சொன்னது பச்சைப் பொய். அந்த வித்தியாசம் தேவயானிக்கு நன்றாகவே தெரியும். பர்மனென்ட் ஆன பிறகும் தெரிந்தது.

நாலு வருஷம் கழித்து, போன தை மாசம், வடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விடப் போனாள். டோக்கன் நீட்டினவர் மருதமுத்து.

"நல்லாருக்கீங்களா மேடம்? அன்னிக்கு என்னால உங்களுக்கு மூணு நாளு அலைச்சல். மன்னிச்சிக்கோங்க. கை எங்க தப்புச்சின்னு யோசிச்சிக்கினே இருக்கேன். அப்பறம் ஒயரையே தொடறதில்ல."

இதைவிட அவர் அறைந்திருக்கலாம். தேவயானியால் தாங்க முடியவில்லை. நடுத்தெரு என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, உங்க ஜாயின்ட் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னுது. நான்தான் சர்வர்ல கைவெச்சுக் கெடுத்தேன். தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன்."

மருதமுத்து கத்தவில்லை. கையிலிருந்த டோக்கன் கட்டைப் புரட்டிக்கொண்டே நின்றார். வண்டி எடுக்க வந்த இரண்டு பேரை அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

"அப்ப நல்லாத்தான் ஒட்டியிருக்கேன்." மறுபடியும் அதையே சொன்னார். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னா மேடம் ஆவப்போவுது? வூட்ல ஒருத்தி இருக்கா. அன்னிக்கு நீ குடிச்சிட்டுத்தான் போனன்னு நாலு வருசமா சொல்லிக்கினு இருக்கா. பின்னாடி தெருதான், பத்து நிமிசம். வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

அவள் காலெடுத்து வைத்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் மனைவியின் தம்பி கலியமூர்த்தி இன்னும் அதே ஸ்டோர் ஜன்னலில்தான் வேலை செய்கிறான். அந்த வீட்டில் சொன்னால் திங்கட்கிழமை டீ நேரத்துக்குள் பன்னீர்செல்வத்தின் காதுக்குப் போய்விடும்.

"இன்னிக்கு அவசரமாப் போகணும் அண்ணே. இன்னொரு நாள் கண்டிப்பா வரேன்."

"சரிங்க மேடம்" என்றார் மருதமுத்து. நம்பித்தான் சொன்னார்.

ஏழு மாசம் ஆகிறது. வடலூர் போனால் தேவயானி இப்போதெல்லாம் வேறு ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, கொஞ்ச தூரம் நடக்கிறாள்.