ராசாத்தி பறித்து வந்த பிலா இலை

இந்த ஊரில் நான் சும்மா பேசிக்கொண்டிருக்க "கதைக்க வாங்கோ" என்று யாரையாவது கூப்பிட்டால், கதை சொல்லப் போகிறேன் என்று நினைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, போடிநாயக்கனூருக்கு வந்து இரண்டு வருஷமாகியும் ஒரே தமிழுக்குள் நான் வெளிநாட்டுக்காரியாகத்தான் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் தெருக் கடையில் வேலை பார்த்த போடிக்காரரைக் கட்டிக்கொண்டேன். அவருடைய அப்பா இறந்ததும் இங்கேயே திரும்பிவிட்டோம்.

இந்த ஐம்பத்து நாலாம் வருஷம், ஆடி முதல் நாள். நம் ஊரில் அது ஆடிப்பிறப்பு. வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்து அம்மா கூழ் காய்ச்சுவார். பிலா இலையை, இங்கே பலா என்கிறார்கள், தொன்னைபோலக் கோலி ஈர்க்குக் குத்தித் தருவார். அதில் அள்ளிக் குடிப்போம். இதை இங்கேயும் செய்யவேண்டும் என்று ஆசை. பனங்கட்டிக்கு இங்கே கருப்பட்டி என்று பேர்; அதை வாங்கிவைத்தேன். அடுத்த வீட்டுச் செல்லம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என் கணவரின் தாய்மாமன் மனைவி.

"இண்டைக்கு விருந்து. கூழ் காய்ச்சப் போறன்."

"விருந்துக்குக் கூழா? ஏன்டியம்மா, வீட்டுல அரிசி இல்லையா? நான் கொண்டாறேன்" என்று பதறிப்போனார். இங்கே கூழ் என்றால் வயலுக்குப் போகிறவர்கள் குடிக்கும் கம்பங்கூழ்.

அவர் வீட்டில் அன்று ஒரே ஆரவாரம். புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது இந்த ஊர் வழக்கம். போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ராசாத்தி காலையில் ஜீப்பில் வந்து இறங்கினாள். தாயும் மகளும் கட்டிக்கொண்டதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. என் தாய்வீடு கடலுக்கு அப்பால் கிடக்கிறது. போதாததற்கு, ராசாத்தி என் கணவருக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்த பெண்.

சற்று நேரத்தில் கணவர் ஓர் இலைக்கட்டோடு வந்தார். "பிலா எலை. ராசாத்தி பறிச்சாந்திருக்கு. நான்தான் சொல்லிவிட்டேன்."

எனக்கு வேண்டியதை அவளிடமா கேட்பது? அவர் நகர்ந்ததும் கட்டை அவிழ்த்து ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

கூழ் கொதிக்கும்போது ராசாத்தியே வந்தாள். ஏலக்காய் வாசனை அவள் சேலையோடு வந்தது. "எலை பத்துச்சாக்கா?"

"எல்லாம் வாடிப்போச்சு."

கொல்லையில் ஆடு கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளோ அடுப்படியில் உட்கார்ந்து ஒரு தம்ளரை நீட்டினாள். ஊற்றினேன்.

"இனிக்குதே!" என்று வியந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் உம்மேல பொறாமைதான்க்கா. மச்சானுக்காக இல்ல, அது முடிஞ்ச சோலி. நீ எங்க ஆத்தாளத் தெனமும் பாக்குற. மலையில மழை கொட்டுறப்ப, ஆத்தா உங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்னு நெனைச்சா எனக்குச் சோறு எறங்காது."

என் பொறாமை கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய். வெட்கம்தான் வந்தது. "இலையை ஆட்டுக்குப் போட்டது நான்தான்" என்றேன்.

"தெரியுது. அதுக்கும் ஆடி வேணாமா?" என்று சிரித்தாள். "கூழ எடுத்துக்கிட்டு வெரசா வா. எங்க ஆத்தா உனக்கும் ஆத்தா முறைதான?"

சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். செல்லம்மா முதுகு காட்டி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக முறை சொல்லாமலே அவரிடம் பேசிச் சமாளித்திருக்கிறேன். அன்று கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என்றால், அவர் யாழ்ப்பாணத்தில் நான் இல்லாமல் கூழ் காய்ச்சிக்கொண்டிருப்பார். ஆத்தா என்றால், அவர் ராசாத்திக்குச் சொந்தம். எந்தச் சொல்லும் வெளியே வராமல், கை சுடச்சுடச் சட்டியோடு நிலைப்படியில் நின்றேன்.