யானை ஆட்டம் பார்க்க வந்தவள்

தமிழர்களுக்கு எதிரான கலவரம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, கல்முனையிலிருந்து நானும் மனைவியும் கொழும்பு பார்க்கப் போயிருந்தோம். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் ஆட்டம் தொடங்கும் நேரம். நீலச் சேலை கட்டிய மெலிந்த பெண்ணொருத்தி என் மனைவியை ஒட்டி வந்து உட்கார்ந்தாள். பொட்டை அழித்த நெற்றியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உங்கட கதை காதில விழுந்திச்சு. நானும் உங்கட பக்கம்தான், திருக்கோவில் ஊர்," என்றாள் மெதுவாக. "வாசல்ல என்ட தம்பியை ஆமிக்காரங்க விசாரிக்கக் கூட்டிப் போயிட்டாங்க. அவன்தான் என்னை யானைக்கிட்ட நிக்கச் சொன்னவன்."

சுற்றியிருந்த சிங்களவர்களுக்கு அவள் பேசிய தமிழ் கேட்டுவிடுமோ என்று பயந்தோம். மனைவி அவளுடைய சேலைத் தலைப்பை இழுத்து, தன்னைப் போலவே முஸ்லிம் பெண்ணாகத் தெரியும்படி முக்காடு போட்டுவிட்டாள்.

"ஆரும் கேட்டா என்ட தங்கச்சி எண்டு சொல்லுவன். பயப்படாதீங்க."

யானைகள் ஆடின. எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள். கண்கள் மட்டும் வாசல் பாதையை விட்டு அகலவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் நாங்கள் மூவரும் அங்கேயே இருந்தோம். கடைசியில் அவளுடைய தம்பி வந்தான். உதடு வீங்கியிருந்தது; சட்டையில் பொத்தான்கள் இல்லை.

"யானை ஆடிச்சா, அக்கா?"

"ஓம். வடிவா ஆடிச்சு."

அந்தக் குரல் எப்படி நடுங்காமல் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.