ஃப்ரீசர் ஜாக்கெட்டும் டேராடூன் குளிரும்

அந்த ஜாக்கெட்டை வீட்டுக்குள் கொண்டு வந்ததுமே ஹால் முழுக்க இறால் வீச்சம். கருநீலம், முழங்கால் வரை நீளம், நெஞ்சிலும் கையிலும் பளபளவென்று மஞ்சள் பட்டை. மீன் கோல்டு ஸ்டோரில் வேலை பார்ப்பவர்கள் போடுகிற ஜாக்கெட் அது.

"மைனஸ் பதினெட்டுக்கே தாங்கும், பாத்துக்கோ" என்றார் எங்க வீட்டுக்காரர். முகத்தில் அப்படியொரு பெருமை.

அப்போது நாங்கள் கல்ஃபில், ருவைஸ் என்கிற ஊரில் இருந்தோம். அவருக்கு ரிஃபைனரியில் மெயின்டெனன்ஸ் வேலை. எங்கள் ஒரே மகன் கதிர் அங்கேயே வளர்ந்தவன். காலேஜ் முடித்த கையோடு இந்தியா போய்ப் பரீட்சை எழுதி, ஆர்மியில் ஆபீசர் ட்ரெயினிங்குக்கு செலக்ட் ஆகிவிட்டான். ஜனவரியில் டேராடூனில் சேர வேண்டும்.

ஜனவரி... டேராடூன்... எங்களுக்குக் குளிர் என்றாலே ஏசிதான். ஸ்வெட்டர் என்பது மால் தியேட்டருக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொள்கிற சமாச்சாரம்.

அதனால் பிள்ளையைக் குளிருக்குப் பழக்கும் பொறுப்பை இவர் எடுத்துக்கொண்டார். பிளான்ட் ஷட்டவுனுக்குத் திட்டம் போடுவது மாதிரி போட்டார். தூங்கும்போது ஏசி பதினாறில் இருக்கும், போர்வை கிடையாது. எழுந்ததும் பச்சைத் தண்ணீர்க் குளியல்.

பச்சைத் தண்ணீருக்கு எங்கே போக? அக்டோபரிலும் மாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடும். ஹீட்டரை ஆஃப் செய்துவிட்டு, அதற்குள் ஆறிக் கிடக்கிற தண்ணீரில்தான் நாங்கள் வெயில் காலம் முழுக்கக் குளிப்போம். கல்ஃபில் இருந்தவர்களுக்கு இது தெரியும். அது பத்தாது என்று இவர் பக்கெட்டில் ஐஸைக் கொட்டினார். என் ஃப்ரீசரில் ஒரு பாக்கெட் மீன் வைக்க இடமில்லை, எல்லாம் ஐஸ் ட்ரே.

"ட்ரெயினிங் குடுக்கியளா, இல்ல புள்ளைக்கு ஜன்னி வர வைக்கியளா?" என்று கத்தினேன். கேட்டால்தானே!

எனக்கு அவன் போவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பார்டர், சண்டை என்கிற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் விசா... ஆறு மாதம் வெளியே தங்கினால் ரெசிடன்ஸ் விசா போய்விடும். பிறகு அவன் வளர்ந்த வீட்டுக்கே விசிட் விசாவில்தான் வர வேண்டும். அதற்கும் ஆர்மியில் லீவும் பெர்மிஷனும் கிடைக்க வேண்டும். போனால் போனதுதான். இது இவருக்கும் தெரியும். அதைப் பேசாமல் ஐஸை உடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் காரில் துபாய் கிளம்பினோம். ஜாக்கெட்டைக் கொடுத்த செய்யது பாய்க்கு தேராவில் மீன் மொத்த வியாபாரம். அவருடைய கோல்டு ஸ்டோருக்குள் கதிரை நிறுத்திப் பார்க்க வேண்டுமாம்.

"டெஸ்ட் பண்ணாம ஒரு வால்வைக்கூட லைன்ல போட மாட்டோம். புள்ளைய அனுப்பிருவமா?" என்றார் இவர்.

கனத்த கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. கதிர் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு உள்ளே போனான். கதவு மூடியது. நான் ஓடிப்போய்க் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க தங்கச்சி, உள்ளேருந்தும் தொறக்கலாம்" என்றார் செய்யது பாய்.

கொஞ்ச நேரத்துக்கொரு தரம் இவர் கதவைத் தட்டிக் கேட்டார். "வாரியாலே?"

"இல்லப்பா!" என்று உள்ளேயிருந்து மங்கலாகக் குரல் வரும்.

முருகா, 'குளிருதும்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வெளியே ஓடி வந்துடணும்... அப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். கதவுக்கு வெளியே நின்று நான் வேண்டிக்கொண்டது இதுதான். இவர் மறுபடி தட்டினார். மறுபடியும் "இல்லப்பா!"

கடைசியில் அவனாகத்தான் வந்தான். புருவமெல்லாம் வெள்ளைப் பொடி, மூக்கு சிவந்து கிடந்தது. "ம்மா, செம்மயா இருக்கு! இன்னொரு ரவுண்ட் போகவா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இவன் போகப் போகிறான்.

திரும்பும் வழியில் தேரா கடைத்தெருவில் காரை நிறுத்தச் சொன்னேன். தெர்மல் இன்னர், கம்பளி சாக்ஸ், குல்லா எல்லாம் வாங்கினேன். அதுவரை அவன் பயணத்துக்கென்று நான் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. இவர் பைகளை வாங்கிக்கொண்டார்.

பெட்டியில் பாதி இடத்தை ஜாக்கெட்டே அடைத்துக்கொண்டது. அங்கே போனால் ஸ்வெட்டர் முதல் போர்வை வரை எல்லாம் அவர்களே கொடுத்துவிட்டார்களாம்! மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டு, ரோடு போட வந்தியாடா என்று கூட இருந்த பையன்கள் ஓட்டியிருக்கிறார்கள். முதல் லீவில் பாளையங்கோட்டையில் என் தங்கச்சி வீட்டிலேயே அதை விட்டுவிட்டுப் போய்விட்டான். ருவைஸுக்கு வரவில்லை. விசாவும் போனது.

ஆளில்லாத அவன் ரூமில் இவர் அவ்வப்போது ஏசியைப் போட்டு அணைப்பார். எதுக்கு என்றால், "சும்மா கெடந்தா கம்ப்ரஸர் கெட்டுப்போகும்லா" என்பார். ஏசியைப் போட்டுவிட்டு அவன் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்போது இவர் ரிட்டையர் ஆகி, நாங்கள் பாளையங்கோட்டையில். ருவைஸ் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அந்த ரூமில் எந்தப் பிள்ளை தூங்குகிறதோ.

போன டிசம்பரில் கதிர் இருக்கிற மலை ஊருக்குப் போனோம். இவர் அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டுதான் வந்தார். எத்தனை தடவை துவைத்தும் இறால் வாசனை போகவில்லை. கெஸ்ட் ரூமில் நான் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இரண்டுக்குள் சுருண்டு கிடந்தேன். பல் தந்தியடித்தது. அவனோ வாசலில் ஒரு ஸ்வெட்டரோடு சாதாரணமாக நிற்கிறான்.

விடிந்ததும் கதவைத் தட்டினான். அப்படியே அவன் அப்பா குரல்.

"ம்மா... வாரியளா? வெயில் வந்தாச்சு."

அன்றைக்கு கோல்டு ஸ்டோருக்குள்ளிருந்து அவன் "இல்லப்பா" என்றான்.

"இந்தா வந்துட்டேன்டா" என்று ரஜாயைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.