மறுபடி தோண்டிய வானம்

பதினோரு வயதில் நான் ஒரு பொய்யை வாசித்தேன். ஓர் அட்டையின் பின்புறம் இங்கிலீஷில் இருந்ததை, வேண்டுமென்றே தப்பும் தவறுமாகத் தமிழில் வாசித்து, என் தாய்மாமாவை அவர் கட்டிக்கொண்டிருந்த கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டேன். வாய் குழறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு அந்த இங்கிலீஷ் நன்றாகவே புரிந்திருந்தது.

மாமா கொத்தனார். குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தேவாலயத்தையும் கோவில் என்றுதான் அங்கே சொல்வோம். எங்கள் கோவிலுக்கு முன்னால் ஒரு மணிக்கோபுரம் கட்டும் வேலையைச் சபையார் மாமாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். அது கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரம் எழும்பியிருந்த சமயத்தில், அடிச்சுவரில் ஒரு கீறல் தெரிந்தது. என் சுண்டுவிரல் அதில் நுழைந்தது. மாமா அதன் முன்னால் குத்தவைத்து வெகுநேரம் பீடி பிடித்தார்.

"வானம் ஆழம் போராது மருமவனே. எல்லாத்தையும் எறக்கிட்டு மறுபடி தோண்டணும்" என்றார்.

வானம் என்று எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் சொல்வது அஸ்திவாரக் குழியை. அந்தக் கோபுரம் முடிந்தால் அதன் உச்சியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்ட ஞாயிறு பள்ளியிலிருந்து என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பக்கத்து ஊர்க் கோவிலின் நட்சத்திரத்தைவிட எங்களுடையது உயரத்தில் நிற்கும் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கோ மூன்று மாதம்தான் இருந்தது.

அந்த அட்டையும் ஞாயிறு பள்ளியில் கிடைத்ததுதான். அந்நாளில் வெளிநாட்டிலிருந்து பழைய வாழ்த்து அட்டைகள் கட்டுக்கட்டாக வரும். மனப்பாட வசனம் சொன்னால் ஒன்று பரிசு. எனக்குக் கிடைத்ததில் அமெரிக்காவிலுள்ள மார்மன் சபையாரின் பெரிய கோவில் இருந்தது. முன்னால் மூன்று, பின்னால் மூன்று என ஆறு கோபுரங்கள். முன்னால் நடுவில் நின்ற கோபுரத்தின் நுனியில் பொன்னிறத்தில் ஒருவர் எக்காளம் ஊதிக்கொண்டிருந்தார். மாமா அதை என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். படத்திலிருந்த ஒவ்வொரு கல்லையும் நகத்தால் அளந்தார். பின்புறத்தை வாசிக்கச் சொன்னார். அவருக்கு எழுத்து தெரியாது. ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான்.

அன்று ஒழுங்காகத்தான் வாசித்தேன். அந்தக் கோவிலைக் கட்டி முடிக்க நாற்பது வருடம் ஆயிற்று. இடையில் தங்களை அடக்க அரசாங்கப் பட்டாளம் வருகிறது என்று கேள்விப்பட்டு, போட்ட அஸ்திவாரத்தை மண்போட்டு மூடி, உழுத வயல்போல ஆக்கி வைத்தார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது கற்களில் வெடிப்பு இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு வேறு கல் வைத்தார்கள்.

"கேட்டியா! வெள்ளக்காரனே மறுபடி தோண்டியிருக்கான்" என்று மாமா தொடையில் தட்டிக்கொண்டார்.

மறுநாள் கோவிலுக்குள் கமிட்டி கூடியது. மாமா என்னைக் கையோடு கூட்டிப்போனார். பலசரக்குக் கடைக்காரர்தான் கமிட்டித் தலைவர்.

"ஓய் கொத்தனாரே, கெட்டுகதுக்குக் கூப்பிட்டா இடிக்கணும்ணு சொல்லுகீரே. நட்சத்திரத்த உம்ம தலையிலயா கெட்டுவோம்?"

மாமா அட்டையை நீட்டினார். அது கைக்குக் கை மாறிப் போயிற்று.

"ஆறு கோபுரம் இருக்கு, ஒண்ணுலயும் குருசக் காணல்லியே!"

"ஊதுகது யாரு, கபிரியேல் தூதனா?"

"யாரானாலும் நல்லா மூச்சுப் பிடிக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியார் மட்டும் சிரிக்காமல், "பின்னால என்ன போட்டிருக்குண்ணு நீ வாசி மக்கா" என்றார்.

நான் வாசித்தேன். "இந்தக் கோவிலை ஒரே வருடத்தில் கட்டி முடித்தார்கள். போட்ட அஸ்திவாரம் போட்டபடியே இன்றும் நிற்கிறது."

மாமா என்னைப் பார்த்தார். நேற்று வேறு மாதிரி வாசித்தாயே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "செரி, நான் வாறேன்" என்று எழுந்துவிட்டார். என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவிட்டார். வழியில் கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

வேறொரு கொத்தனார் வந்து கீறலின்மேல் சிமெண்டைப் பூசிக் கோபுரத்தை முடித்தார். நான் ஏறி நட்சத்திரத்தைக் கட்டினேன். பக்கத்து ஊரார் அண்ணாந்து பார்த்தார்கள் என்றுதான் கேள்வி. அடுத்த மழையில் கீறல் பூச்சைப் பிளந்துகொண்டு வந்தது. மணியைத் தொங்கவிட யாருக்கும் தைரியமில்லை. இன்றும் எங்கள் கோவில் மணி பக்கத்திலுள்ள பலாமரத்தில்தான் தொங்குகிறது. பலாப்பழக் காலத்தில் மணியடிக்கப் போகிறவர் தலையில் துண்டைச் சும்மாடாக வைத்துக்கொள்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருக்கும் மகனிடம் போயிருந்தபோது, அந்தக் கோவிலைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். போனால், சுற்றிலும் கிரேன்கள். பூகம்பத்தைத் தாங்கும்படி அஸ்திவாரத்தைப் பலப்படுத்துகிறார்களாம். அடியில் ஒன்பதடி கனமுள்ள சுவர்கள். பக்கத்து மலையில் உடைத்த கருங்கல்லை ஆரம்பத்தில் மாட்டுவண்டியில் இழுத்து வந்திருக்கிறார்கள். சுவர்களில் சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் செதுக்கியிருந்தார்கள். இவ்வளவையும் தாங்கி நிற்கும் அடிப்பகுதியைத்தான் மறுபடி தோண்டிக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தோடு செல்போனில் படமெடுத்தேன்.

ஊர் திரும்பியதும் மாமாவிடம் போனேன். தொண்ணூறு தாண்டிவிட்டது. காதும் கண்ணும் சரியாகத்தான் இருந்தன. படங்களைக் காட்டிவிட்டுச் சொன்னேன்.

"மாமா, அண்ணைக்குக் கமிட்டியில நான் வாசிச்சது பொய். மொதல்ல உங்ககிட்ட வாசிச்சதுதான் உள்ளது. என்ன மன்னிக்கணும்."

"மொதல்ல வாசிச்சதா உள்ளது?"

"ஆமா மாமா."

"நான் நேரே மறிச்சுல்லா நெனச்சேன். மாமன்மேல உள்ள பிரியத்துல எங்கிட்ட பொய்யா வாசிச்சிட்டான், கோவிலுக்குள்ள வச்சுப் பொய் சொல்லப் பயந்து உள்ளத வாசிச்சிட்டாண்ணு." சட்டென்று கையைத் தட்டினார். "அப்பம் அவனுவளும் வானத்த மறுபடி தோண்டுனானுவ! ஏட்டி, இங்க வா! நான் சொன்னது செரிதான்!"

உள்ளேயிருந்து மாமி, "அந்தக் கோபுரமா? அது இடிஞ்சு விழவா செய்தது? சும்மா கெடயும்" என்றாள்.

மாமா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது.

"அப்பம், எனக்காண்டி நீ பொய் சொல்லவே இல்ல, இல்லியா?"

"இல்ல மாமா."

"சாரமில்ல, போட்டும்" என்றார். மீதிப் படங்களைப் பார்க்காமல் செல்போனை என் கையில் திருப்பித் தந்தார்.

நான் அடிவாங்காமல் இருக்கத்தான் அன்று அவர் வாய் திறக்கவில்லை என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். தனக்காக ஒரு பொய் சொல்லவும் இந்த உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறான் என்ற சந்தோஷத்தோடு அவர் எழுந்து போயிருக்கிறார். அது அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன கிழவனுக்கும் தெரியவில்லை.