பதினெட்டு வந்தால் சரி

இலத்திரன் எண்ணச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் வேலை ஒன்று இருக்கிறது என்பதை என் மாமியார் இன்னும் முழுதாக நம்பவில்லை. வவுனியாவில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு நான் படிப்பிப்பது அதைத்தான். நடுவில் ஒரு உலோக அணு, சுற்றிவரக் காபன் கூட்டங்கள். உலோகத்தின் வெளியோட்டு இலத்திரன்களோடு, சுற்றி நிற்பவை கொடுப்பதையும் கூட்டினால் பதினெட்டு வரவேண்டும். வந்தால் அந்தச் சேர்வை உறுதியாக நிற்கும், பெரும்பாலும் குழப்படி செய்யாது. பிள்ளைகள் அப்படியல்ல என்பது, வெண்கட்டித் தூளில் இருமிக்கொண்டு நிற்கும் எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

இரண்டு வழி

எண்ணுவதற்கு இரண்டு வழி உண்டு. எல்லாவற்றையும் மின்னேற்றமில்லாத அணுக்களாக எண்ணலாம், அல்லது அயன்களாகப் பிரித்து எண்ணலாம். எதைப் பிடித்தாலும் விடை ஒன்றுதான். ஆனால் பிடித்ததைக் கடைசிவரை விடக்கூடாது. பெரோசீன் என்ற சேர்வையில் இரண்டு காபன் வளையங்களுக்கு நடுவில் ஒரு இரும்பு. முதல் வழியில் இரும்புக்கு எட்டு, வளையங்களுக்கு ஐந்து ஐந்து. இரண்டாம் வழியில் மூன்றுக்கும் ஆறு ஆறு.

என் வகுப்பு ஜெனிற்றா முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. இரும்புக்கு ஆறு, வளையங்களுக்கு ஐந்து ஐந்து என்று போட்டு, பதினாறு என எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தாள். ஏன் இரண்டையும் கலந்தனீர் என்று கேட்டேன்.

"ரெண்டிலயும் எனக்கு விளங்கின பாதியை எடுத்தனான், மிஸ்."

பரந்தன் பஸ்

என் வீடு பரந்தனில். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஐயா ஒரு வயல்காரர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வயலுக்கு எப்போது திறப்பார்கள் என்ற கதை முடிந்ததும், நான் என்ன படிப்பிக்கிறேன் என்று கேட்டார். இரசாயனம் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரந்தன்காரருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மூடிக்கிடக்கிற பழைய இரசாயனத் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். அவசரமாக, இது அதில்லை, உலோகத்தைச் சுற்றியிருக்கிற இலத்திரனை எண்ணுவது என்று விளக்கினேன். சந்தியில் இறங்கும்போது என் பையை எடுத்துத் தந்தார்.

"பரவாயில்லை பிள்ளை, பக்டரி திரும்ப ஓடுமட்டும் ஏதாவது செய்துகொண்டிருக்கத்தானே வேணும்."

பத்தொன்பதாவது ஆள்

அதே இரண்டு வளையங்களுக்கு நடுவில் இரும்புக்குப் பதிலாகக் கோபால்ற்றை வைத்தால் பத்தொன்பது வரும். அந்த மேலதிகமான ஒன்றைச் சேர்வை லேசில் இழந்துவிடும். இருக்கிற இலத்திரன் ஏன் இருக்கமாட்டேன் என்கிறது என்று வகுப்பில் கேட்டேன். சக்தி மட்டம், பிணைப்பு என்று யாராவது தொடங்குவார்கள் என எதிர்பார்த்தேன். கிளிநொச்சிச் சுதன் பின் கதிரையில் இருந்து கையை உயர்த்தினான்.

"எங்கட அண்ணை மாதிரித்தான், மிஸ். ஆள் வீட்டிலதான் நிக்கிறார், ஆனா பாஸ்போட் எடுத்தாச்சு."

சோதனை மண்டபம்

ஜெனிற்றா முதல்முறை இந்தப் பாடத்தில் தவறிவிட்டாள். மறுமுறையும் தவறினால் பட்டம் ஒரு வருடம் பின்னுக்குப் போகும். அந்த மறுசோதனையன்று காலை மண்டப வாசலில் ஃபோனும் கையுமாக நின்றாள். முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போன அப்பாவின் படகு விடிந்தும் கரைக்கு வரவில்லையாம். அம்மா கரையில் நிற்கிறாவாம்.

"வீட்டை போறதெண்டா போம். நான் சோதனைப் பொறுப்பாளரோட கதைக்கிறன்," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "போனாலும் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுதான், மிஸ். இது உங்களிட்ட இருக்கட்டும். நல்ல செய்தி எண்டா மட்டும் வந்து சொல்லுங்கோ." ஃபோனை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று மேற்பார்வை எனக்கு. பிள்ளைகளுக்கு நடுவில் நடந்தால் நல்ல செய்தியோ என்று அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று வாசலோடேயே நின்றேன். அவள் எழுதினாள், வெட்டினாள், திரும்ப எழுதினாள். பாதி நேரம் போனபின் ஃபோன் அதிர்ந்தது. வெளியே போய் எடுத்தேன். அவளின் அம்மா. எஞ்சின் நின்றுவிட்டதாம், வேறு படகுக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். சொல்லி முடிக்குமுன் அவ அழத் தொடங்கிவிட்டா.

நேரே ஜெனிற்றாவின் மேசைக்குப் போனேன். நான் வருவதைக் கண்டதுமே அவள் பேனையை வைத்துவிட்டாள். குனிந்து, "அப்பா கரைக்கு வந்திட்டார்," என்றேன். தலையை ஆட்டினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுதினதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தாள் தாங்கோ, மிஸ். முதலாவதில இருந்து திரும்ப எண்ணப்போறன்."

அவள் நன்றாகவே சித்தியடைந்தாள், அந்த விடைத்தாள் திருத்துவதற்கு என்னிடம் வந்திருந்தால் பதினாறையும் பதினெட்டென்று எண்ணியிருப்பேன், வேறொருவரிடம் போனது எங்கள் பாடத்தின் நல்லகாலம்.