விருத்தாசலத்தில் எண்ணாமல் விட்ட மூச்சு

சனிக்கிழமை காலை 6.50, தாம்பரம்.

முன்பதிவில்லாப் பெட்டியில் சன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. விருத்தாசலத்துக்கு டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய், தூரம் நூற்றெண்பத்தெட்டு கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம். நாற்பத்தொன்பது வயதில் இடுப்பு வலிக்குப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒருவன் ராக் கச்சேரி கேட்க இத்தனை தூரம் போகிறான் என்றால் யார் நம்புவார்கள்? பெண்ணாடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன பக்கத்து இருக்கைக்காரர் நம்பவில்லை.

"ராக்குன்னா, இந்தத் தலைய ஆட்டிக்கிட்டே பாடுவாங்களே, அதுவா?"

"அதேதான்."

அவர் என் பெல்ட்டை ஒருமுறை பார்த்தார். "பாத்து ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கச்சேரிக்காக மட்டும் நான் போகவில்லை. புதுச்சேரியில் முப்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கும் 'இடிதாங்கி' என்ற குழுவின் ரசிகன் நான். ஐந்து பேராகத் தொடங்கியவர்களில் இப்போது பழைய ஆள்கள் மூவர்தான் மிச்சம். பாடகர் பாஸ்கலுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அவர்களுடைய 'உப்பளம்' என்ற பாட்டில் ஓரிடம் வரும். எல்லா வாத்தியமும் நின்றுவிடும், பாஸ்கல் இடது கையைத் தூக்கி ஒரே ஸ்வரத்தை மூச்சு விடாமல் இழுப்பார். அப்போது கூட்டம் 'ஒன்னு, ரெண்டு, மூணு' என்று உரக்க எண்ணும். புதுச்சேரி கடற்கரையில் ஒருமுறை இருபத்திரண்டு வரை போயிருக்கிறது.

அந்த எண்ணிக்கையை ஆரம்பித்து வைத்தவன் நான். பத்தொன்பது வயதில், விடுதி நண்பனோடு ஒரு பரோட்டாவுக்குப் பந்தயம் கட்டிவிட்டுத் தொண்டை கிழிய எண்ணினேன். அடுத்த கச்சேரியில் பத்துப் பேர் எண்ணினார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக அது சடங்காகிவிட்டது. போன வருஷம் திருச்சியில் பதினொன்றில் மூச்சு முடிந்தது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சேர்த்து வீடியோ எங்கும் சுற்றியது. 'தாத்தாவுக்குத் தண்ணி குடுங்கப்பா' என்று கீழே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் வேடிக்கையாகத் தொடங்கியது ஒரு மனிதரை மேடையில் வைத்து அளக்கும் கோலாகிவிட்டது. தமிழ்நாட்டிலேயே சத்தமாக எண்ணுகிறவர்கள் விருத்தாசலத்துக்காரர்கள். இன்று மாலை அங்கே கச்சேரி. எண்ணாதீர்கள் என்று நேரில் கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பயணம்.

8.45, விழுப்புரம். இரண்டு வடை இருபது ரூபாய். சட்னி தீர்ந்துவிட்டதாம்.

10.05, விருத்தாசலம் சந்திப்பு.

ஆட்டோவுக்கு நூறு ரூபாய். மணிமுத்தாற்றில் நீர் ஓரமாக ஒரு கோடு மாதிரிக் கிடந்தது. பீங்கான் தொழிற்பேட்டையில் குமரவேலின் தொழிற்கூடம் வெளியிலிருந்து பார்க்க மாட்டுக்கொட்டகைதான். உள்ளே பலகை பலகையாக, மின்சாரப் பெட்டியில் மாட்டும் ஃப்யூஸ் கட்டைகள் சுடாத மண்ணாகக் காய்ந்துகொண்டிருந்தன. குமரவேலும் என் வயதுக்காரர். ரசிகர்களின் வாட்ஸாப் குழுவில் ஆறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டு வருகிறோம், நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. புருவத்தில்கூட வெள்ளை மாவு.

"வாங்கண்ணே. போட்டோவுல இன்னும் கொஞ்சம் முடி இருந்துச்சே?"

"அது பழைய போட்டோ."

"அதான பாத்தேன். ஒக்காருங்க, டீ வருது."

டீயோடு நஸ்ரீனும் வந்தார். மங்கலம்பேட்டையில் செருப்புக்கடை வைத்திருப்பவர். கணவர் துபாயில். வாட்ஸாப் குழுவில் இடிதாங்கியின் புதிய பாட்டுத் தொகுப்பான 'மெதுவாக' வந்தபோது அதைப் பாராட்டிய ஒரே ஆள். மற்றவர்களெல்லாம் அதற்குத் தாலாட்டு என்று பெயர் வைத்திருந்தோம். நான் அதை மூன்று முறை கேட்டேன், இரண்டு முறை பாதியிலேயே தூங்கிப்போனேன். அதைச் சொல்லித் தொலைத்தேன்.

"தூங்குனீங்கல்ல? அப்ப நல்ல பாட்டுதானண்ணே" என்றார் நஸ்ரீன். "கடைய சாத்திட்டு வூட்டுக்குப் போனா காலு வீங்கிக் கெடக்குது. அந்த நேரத்துல உங்க பழைய பாட்டப் போட்டா தலவலிதான் வரும். இதப் போட்டா ஒக்காந்து நாலு வாய் சாப்புடலாம்."

"சாப்புடறதுக்கா ராக்கு கேக்கறது?" என்றார் குமரவேல். "மொத கேசட்டு கேட்டா செவுத்துல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். இப்ப ஆணியும் இல்ல, செவுரும் இல்ல."

"ஆணி அடிச்சது முப்பது வருசத்துக்கு முன்னண்ணே. இன்னுமா அடிச்சிக்கிட்டே இருப்பாரு?"

இப்படியே ஒரு மணி நேரம் போனது. கிதார்க்காரர் மாறியதிலிருந்து கெட்டுப்போச்சு, இல்லை, பாட்டு எழுதுகிறவர் விலகியதிலிருந்து. கச்சேரியில் சுருதியை இரண்டு கட்டை இறக்கிவிட்டார்கள், இறக்கினால் என்ன? எல்லாம் எழுத்தில் நூறு தடவை போட்ட சண்டைகள். முன்பெல்லாம் இந்த வாதங்களில் எனக்கு ரத்தம் சூடேறும். இப்போது கேட்டுக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி வருகிறது. எதற்காக வந்தேன் என்பதை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

குமரவேல் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எண்ணாம எப்படிண்ணே?" என்றார் குமரவேல். "சூள பிரிச்சாதான் எத்தன தேறுச்சு, எத்தன ஒடஞ்சுதுன்னு தெரியும். பிரிக்காம வெச்சா எல்லாம் நல்லாருக்குன்னு ஆயிடுமா?"

"அவர் ஃப்யூஸ் கட்டை இல்லையே, குமரவேல். அந்தத் திருச்சி வீடியோவை அவரும் பார்த்திருப்பார். அவர் மகளும் பார்த்திருப்பாள்."

மகள் என்றதும் குமரவேலின் முகம் மாறிவிட்டது. அவருக்கும் கல்லூரியில் படிக்கும் பெண் இருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. "சரிண்ணே. நான் வரிசை வரிசையா சொல்லிப்புடறேன்" என்றார்.

நஸ்ரீன் மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "நீங்க ரெண்டு பேரும் சொல்றீங்க, நான் வாய மூடிக்கறேன். ஆனா அது எழவு வூடு மாதிரி இருக்கும்ண்ணே. பாருங்க."

மாலை 5.30, கடலூர் சாலைக் கல்யாண மண்டபம்.

நுழைவுச்சீட்டு முந்நூறு ரூபாய். முன்பு நாங்கள் நின்றுகொண்டே கேட்டவர்கள். இப்போது கையுள்ள நாற்காலி போட்டிருந்தார்கள், முன்வரிசையில் முதுகுக்குத் தலையணை கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். நானூறு பேர் இருக்கலாம். குமரவேல் குளித்துவிட்டுக் கறுப்புச் சட்டையில் வந்து, ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து குனிந்து சொல்லிக்கொண்டே போனார்: "உப்பளத்துக்கு எண்ண வேணாம். தயவுபண்ணி. ஏன்னு அப்புறம் சொல்றேன்." சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் குமரவேல் பேச்சுக்கு அந்த ஊரில் மரியாதை இருக்கிறது.

6.15க்கு ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், 'மெதுவாக' பாட்டுகள் மேடையில் நன்றாக இருந்தன. வீட்டில் தூங்கவைத்த பாட்டு இங்கே என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பாஸ்கல் ஒல்லியாகிவிட்டிருந்தார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது போல நிதானமாகப் பாடினார். இரண்டு நாற்காலி தள்ளி இருந்த நஸ்ரீன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒப்புக்கொண்டதாகத் தலையசைத்தேன்.

7.40க்கு உப்பளம். மண்டபமே எழுந்து நின்றது. அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. பாஸ்கல் இடது கையைத் தூக்கி ஸ்வரத்தைப் பிடித்தார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவர் குரல் தனியாக, பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்றது. கண்ணைத் திறந்து முதலில் எங்களைப் பார்த்தார், பிறகு ஒலிபெருக்கிகளைப் பார்த்தார். குரல் லேசாக ஆடியது, சட்டென்று முடிந்தது. தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். டிரம்ஸ்காரர் தாமதமாக உள்ளே வந்தார். அதற்குப் பிறகு இரண்டு பாட்டு இருக்கிறது என்று அறிவித்திருந்தார்கள். ஒன்றோடு முடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நஸ்ரீன் பக்கத்தில் வந்தார். "இப்ப திருப்தியாண்ணே?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் மங்கலம்பேட்டை பஸ்ஸுக்கு நடந்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நல்லது செய்வதாக நினைத்து நூற்றெண்பத்தெட்டு கிலோமீட்டர் வந்து ஒரு மனிதரைத் தனியாக நிற்கவைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை 7.20, விருத்தாசலம் சந்திப்பு.

விடுதி அறைக்கு எழுநூறு ரூபாய். கொசுவுக்குத் தனியாக வாங்கவில்லை. நடைமேடையில் சென்னை வண்டிக்காக நின்றபோது சிமெண்டு பெஞ்சில் மப்ளர் சுற்றிக்கொண்டு பாஸ்கல் உட்கார்ந்திருந்தார். குழுவினர் வேனில் போய்விட்டார்களாம். வேனில் போனால் முதுகு பிடித்துக்கொள்கிறது, விழுப்புரம் வரை ரயில், அங்கிருந்து பஸ் என்றார். தங்களை அடையாளம் கண்டுகொண்ட ரசிகனிடம் பாடகர்கள் எல்லோரும் பேசுகிற பேச்சுதான் அது. அப்படியே நழுவி வந்திருக்கலாம். முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பரோட்டாப் பந்தயத்திலிருந்து நேற்று மாலை வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தண்டவாளத்திலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினார்.

"ஆரம்பிச்சதும் நீங்க, நிறுத்துனதும் நீங்களா?" என்றார்.

"மன்னிச்சிடுங்க சார். அந்தத் திருச்சி வீடியோவுல சிரிச்சாங்களேன்னுதான்..."

"சிரிச்சாங்க. என் பொண்ணும் சிரிச்சா. நானும்தான் சிரிச்சேன். அதுக்கு இன்னா இப்ப?" மப்ளரைத் தளர்த்திக்கொண்டார். "நீங்க எண்ணறது எனக்கு கைத்தடி மாதிரி. ஆறு, ஏழுன்னு காதுல விழும்போது இன்னும் ஒன்னு போலாம்னு வயித்துல ஒரு தெம்பு வரும். நேத்து ஒன்னுமே கேக்கல. கரண்டு போயி மைக்கு வேல செய்யலியோன்னு பாத்தேன். அப்புறம், ஓகோ, இவங்களுக்கு நம்ம மேல பரிதாபம் வந்துடுச்சுன்னு புரிஞ்சிது. அதுலதான் மூச்சு போயிடுச்சு."

வண்டி வந்தது. ஒரே பெட்டியில் ஏறினோம். அவருக்குச் சன்னலோரம் கிடைத்தது, எனக்கு எதிரில். ஊர் தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்து எவ்ளோ?"

"என்ன சார்?"

"முப்பது வருசமா எண்ணிக்கினு இருக்குற ஆளு. வாய மூடிக்கினா மனசும் மூடிக்குமா? எவ்ளோ?"

பொய் சொல்ல நினைத்தேன். பதினான்கு என்று சொல்லியிருக்கலாம். "ஒன்பது" என்றேன்.

"ஒன்பதா?" முகம் மலர்ந்துவிட்டது. "நான் ஆறு தாண்டலன்னு நெனச்சிக்கினு இருக்கேன்." உடனே கைபேசியை எடுத்து வேனில் இருந்த டிரம்ஸ்காரரைக் கூப்பிட்டார். "டேய், ஒன்பதாம்டா. ஆமா, எண்ணுன ஆளு எதுக்கவே ஒக்காந்திருக்காரு."

வெட்கத்தை விட்டு எங்கள் வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: 'பாஸ்கல் கேட்கிறார். நேற்று யாராவது மனதுக்குள் எண்ணினீர்களா?' நேற்றிலிருந்து செத்துக் கிடந்த குழு அது. குமரவேல் ஒன்பது என்று போட்டார். சேத்தியாத்தோப்பு வேனிலிருந்து ஒன்பது, எட்டரை, ஒன்பது. பெண்ணாடத்திலிருந்து எட்டு, அதற்குக் குமரவேலின் திட்டு. உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் அறுபது பேருக்கு மேல் எண் போட்டிருந்தார்கள். நேற்று அந்த மண்டபத்தில் ஒருவர்கூட எண்ணாமல் இருக்கவில்லை போலிருக்கிறது. கைபேசியை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல், கையை நீட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

8.25, விழுப்புரம். பையை மாட்டிக்கொண்டு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரே ஒருத்தர் பத்துன்னு போட்டிருக்காங்களே, யாரு அது?"

"நஸ்ரீன்னு ஒருத்தங்க. மங்கலம்பேட்டையில செருப்புக்கடை வெச்சிருக்காங்க. உங்க புதுப் பாட்டுதான் அவங்களுக்குப் பிடிக்கும்."

"அவங்க எண்ணுனதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து இறங்கினார்.