எத்தனை இலை என்று கேட்ட கட்டம்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு கடிதம் எழுதியே பல வருடம் ஆகிறது. அப்படிப்பட்டவன் நாலு பேர் வாசிக்க எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லச் சொல்லியிருந்தால் இதுவும் என் வாயிலிருந்து வந்திருக்காது.

கல்யாணச் சமையல் என் தொழில். எங்கள் பக்கத்தில் தவசிப்பிள்ளை என்று சொல்லும் ஒரு பெரிய சமையல்காரரின் கீழ் இருபது வருடம் கரண்டி பிடித்துவிட்டு, போன வருடம்தான் தனியாகப் பிரிந்தேன். "மூணு மாசத்தில திரும்பி வருவான், பாருங்க" என்று அவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். அவியலும் எரிசேரியும் எனக்குக் கைவந்தவை. பேச்சுதான் வராது. போன் அடித்தாலே உள்ளங்கை வியர்த்துவிடும். எதிரே இருப்பவர் என்ன கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிட்டு, பிறகு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அக்கா மகள் நாகர்கோவிலில் வெப்சைட் செய்யும் வேலையில் இருக்கிறாள். "மாமா, நீங்க போனே எடுக்காண்டாம். ஒரு ஃபார்ம் வச்சுத் தாறேன். தேதி, ஊரு, எத்தனை இலை, போன் நம்பர். அவங்க எழுதி அமுக்கினா சர்வருக்குப் போகும். அது சரிபாத்து உங்களுக்கு மெசேஜ் அனுப்பும்" என்றாள். சர்வர் என்பது எங்கோ தூரத்தில் தூங்காமல் காத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் என்று விளக்கினாள். எனக்குப் பதிலாகப் பேச ஒரு ஆள் கிடைத்ததுபோல இருந்தது. 100 என்று போட்டுச் சோதித்துப் பார்த்தேன். அடுத்த நொடியே மெசேஜ் வந்தது. அந்தத் தைரியத்தில் புது விசிட்டிங் கார்டில் வெப்சைட்டை மட்டும் அச்சடித்து, போன் நம்பரை எடுத்துவிட்டேன்.

முகூர்த்த நாட்கள் நெருங்கின. மூன்று வாரமாக ஒரு மெசேஜும் இல்லை. போனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பழைய இடத்துக்கே போய் நிற்க வேண்டியதுதான் என்று ஒரு சட்டையைத் தேய்த்தும் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் லேப்டாப்போடு வந்தாள். சர்வருக்கு என்னென்ன வந்தது, எதையெல்லாம் அது திருப்பி அனுப்பியது என்ற பட்டியலைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"மாமா, நாலு பேரு வந்திருக்காங்க. நாலு பேரையும் நான்தான் வாசல்லயே நிப்பாட்டித் திருப்பி விட்டிருக்கேன்!"

இலைக் கட்டத்தில் வெறும் எண் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று சர்வருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு யார் வெறும் எண் சொல்வார்கள்? முந்நூறு என்று சொல்லி, முந்நூற்றுப் பத்தாவது ஆளுக்குச் சோறில்லை என்றால் அந்த மானக்கேட்டை யார் தாங்குவது? அதனால் கூடவே ஒரு "கூடக் குறைய" இருக்கும். சர்வருக்குக் கூடக் குறைய தெரியாது. இங்கிலீஷில் ஒரு வரி சொல்லித் திருப்பிவிட்டது.

இராஜாக்கமங்கலத்து அம்மா ஒருவர் முந்தின நாள் சாயங்காலம் ஒன்பது தடவை முயன்றிருக்கிறார். அவர் எழுதியதை அக்கா மகள் உரக்க வாசித்தாள்.

"முந்நூறு இலை, கூடக் குறைய."

"300 போல வரும்."

"300. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கணக்கு இன்னும் சொல்லல்ல."

"முந்நூறுன்னுதானே சொல்லுகேன்!"

ஒன்பதாவது: "தம்பி, சமைக்க மனசில்லேன்னா அதைச் சொல்லிரு."

அதுவரை கூடச் சிரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிறுத்தினாள். "நம்பர் இருக்குல்லா? இப்பவே கூப்பிடுங்க."

"நீ பேசேன்."

"என்னையா மனசில்லையான்னு கேட்டிருக்காங்க?"

கூப்பிட்டேன். யாரென்று சொன்னதும் அந்த அம்மா பிடித்துக்கொண்டார். "ஒம்பது மட்டம் சொன்னேன், ஒம்பது மட்டமும் திருப்பி விட்டியே! என் வீட்டுச் சோறு உனக்கு அவ்வளவு இளப்பமா?"

"நான் இல்லம்மா, கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் மேல பழிய போடாதே. வேற ஆளப் பாக்கச் செருப்ப மாட்டிட்டேன், கேட்டியா? முந்நூறு, கூடக் குறைய. ஆகுமா, ஆகாதா?"

"எத்தனை வந்தாலும் போடுவோம்மா."

"பாயசம் மூணு வகை வேணும்."

வழக்கம்போல "சரி" என்று வாய் திறந்தது. எப்படியோ வேறு வார்த்தை வந்தது. "ரெண்டு போதும்மா. மூணாவதை ஆரும் குடிக்கமாட்டாங்க, அண்டாவோட நிக்கும்."

 அந்தப் பக்கம் சிரிப்பு. "இவ்வளவு பேசத் தெரிஞ்சவன் எதுக்குடே கம்ப்யூட்டரை முன்னால நிறுத்துகே? சரி, வா."

போனை வைத்தபோது காது சுட்டது. அக்கா மகள் அங்கேயே உட்கார்ந்து ஃபார்மைத் திருத்தினாள். ஒரு கட்டம் இரண்டானது: "குறைஞ்சா எத்தனை?", "கூடினா எத்தனை?" மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டேன். இரண்டு பேர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மறுநாள் காலை இராஜாக்கமங்கலம் போய், அடுப்பு போடும் இடத்தைப் பார்த்து, முன்பணம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். பழைய இடத்துக்குப் போய் நிற்கத் தேய்த்து வைத்த சட்டையைத்தான் போட்டுப் போயிருந்தேன்.